மிளகாய் இலை சுருள்கிறதா? எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

பிப்ரவரி 12, 2023 (கேள்வி)

மாடியில் பத்துப் பைகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். நாற்று நட்டு 50 நாள் ஆகிறது. குருத்து இலை எல்லாம் சுருங்கிவிட்டது. பூ வந்தது, வந்த வேகத்தில் உதிர்ந்தது. சுருட்டை நோய் என்கிறார்கள். புளித்த மோர் அடித்தால் மூன்றே நாளில் இலை விரிந்துவிடுமாமே, நிஜமா? மோர் எத்தனை நாள் புளிக்க வேண்டும்?

பிப்ரவரி 12, இரவு

மோர் இருக்கட்டும். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது, மேலேயா கீழேயா? அதைச் சொல்லாமல் மோரின் வயதைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

சுருட்டை என்பது காய்ச்சல் என்று சொல்வது மாதிரி. எதனால் வந்த காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை போடக்கூடாது. மதுரையில் இரண்டாவது மாடியில் 22 பை வைத்திருக்கிறேன். அதில் பதினான்கு மிளகாய். ஐந்து வருடத்தில் நான் பார்த்தவரை மூன்று வகை.

இலையின் இரண்டு ஓரமும் மேலே மடங்கிப் படகு மாதிரி நின்றால் இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி மடங்கிக் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருந்து, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. அது பூச்சியே இல்லை, எட்டுக்கால் வகை. மூன்றாவது, வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். அதில் இலை சிறுத்து, வெளிறி, செடியே வளராமல் குட்டையாக நின்றுவிடும். முதல் இரண்டுக்கும் வழி உண்டு. மூன்றாவதுக்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்க வேண்டியதுதான்.

இன்னொன்று. சுருண்ட இலை திரும்ப விரியாது. எதை அடித்தாலும் விரியாது. மூன்று நாளில் விரிந்தது என்று யாராவது சொன்னால் அது தண்ணீர் இல்லாமல் வாடிய இலையாக இருந்திருக்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்கப் புதிதாக வரும் குருத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். மேல்நோக்கிதான் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தெளிவில்லை. ஒன்று செய்யுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றைக் குருத்துக்கு அடியில் பிடித்து, கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில், ஊசிமுனையால் கிழித்த கோடு மாதிரி ஏதாவது ஓடினால் இலைப்பேன். ஓடவில்லை என்றால் அது தூசி.

பிப்ரவரி 19

ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னால் கொஞ்சம் மனசு ஆறும்.

2021 டிசம்பர். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய வாரம். வரிசையாக ஐந்து செடியில் குருத்து கருகி, இலை தடித்து, நொறுங்குவது போல ஆகிவிட்டது. எங்கேயோ படித்திருந்தேன், வைரஸ் வந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பிடுங்க வேண்டும் என்று. பிடுங்கினேன். நாலு செடி. பிஞ்சோடு. ஐந்தாவதைப் பிடுங்கும்போது குக்கர் விசில் அடித்தது, கீழே இறங்கிவிட்டேன். அப்புறம் ஊருக்குப் போய்விட்டோம்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால், ஐந்தாவது செடியில் கணுவுக்குக் கணு புதுத் தளிர். பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். அவர் என்னிடம் கேட்காமலேயே நுனிக் குருத்தை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, தன் செடிக்குக் கலந்த வேப்பெண்ணெயில் மிச்சத்தை இதற்கும் அடித்திருக்கிறார். வைரஸ் என்றால் தளிர் நல்லபடியாக வந்திருக்காது. வந்தது சிலந்தி. நாலு நல்ல செடியை நானே கொன்றிருக்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் மிளகாய் போட்டவர் என் அத்தை. அவரிடம் சொன்னேன். "முரணைக்குப் போயி செடியப் புடுங்குவாகளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இன்னும் உறைக்கிறது.

பிப்ரவரி 26

சிலந்தியைப் பார்க்க ஒரு உருப்பெருக்கி வாங்குங்கள் என்று சொன்னதற்கு "அவ்வளவு தூரம் போக வேண்டுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மடக்கு லென்ஸ். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் சிலந்தி நகர்வது தெரியும், இருபது மடங்கு என்றால் இன்னும் நல்லது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, அது 0.2 மில்லிமீட்டர்தான்.

நேற்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். குருத்துக்கு அடுத்த இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஒட்டி. தேன்துளி மாதிரி மஞ்சளாக, கண்ணாடி போல மினுக்கிக்கொண்டு ஐந்தாறு. அதில் ஒன்று தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்றை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியது. இரை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஆண். தூக்கிப்போவது இன்னும் வளர்ந்து முடியாமல் அசையாது கிடக்கும் பெண்ணை. இளந்தளிராகப் பார்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அது தோலுரித்து வரும்வரை அங்கேயே காத்திருக்குமாம். முட்டையும் அழகு. நீள்வட்டமாக, வெள்ளைப் புள்ளி வரிசை வரிசையாக, யாரோ மாக்கோலம் போட்டது போல.

பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அந்தக் குருத்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

மார்ச் 5

திருத்தம். மேல்நோக்கி என்றால் பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்தி என்று சட்டம் போட்டுவிட்டேன். கோவையிலிருந்து ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார்: வைரஸ் வந்தாலும் இலை மேல்நோக்கித்தானே சுருளும்? ஆமாம், சுருளும். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் எப்படிப் பிரிப்பது? பேன் சுரண்டிய இடம் இலையின் அடியில் பழுப்பாக, தழும்பு மாதிரி தெரியும். தாளில் தட்டினால் பூச்சி விழும். வைரஸில் தழும்பு இருக்காது. நரம்பு வெளிறும், இலை சுண்டைக்காய் அளவுக்குக் குறுகும், செடியை அசைத்தால் வெள்ளை ஈ புகை மாதிரி எழுந்து உட்காரும். இதிலும் குழப்பம் வரும். ஒரே செடியில் பேனும் சிலந்தியும் சேர்ந்து குடியிருந்தால் ஒரு ஓரம் மேலே, ஒரு ஓரம் கீழே. என் ஒன்பதாம் பை இப்போது அப்படித்தான் நிற்கிறது.

சந்தேகம் வந்தால் நான் செய்வது: நோய்க் குருத்தைக் கிள்ளிவிட்டு, வாரம் ஒருமுறையாக இரண்டு முறை வேப்பெண்ணெய் அடித்துப் பதினைந்து நாள் காத்திருப்பது. அதற்குப் பிறகும் தளிர் சுருண்டே வந்தால் பிடுங்குவது. அதுவரை அந்தப் பையைத் தனியாக ஒரு மூலைக்கு நகர்த்திவிடுவேன்.

மார்ச் 12

மோர் விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து பேர் கோபித்துக்கொண்டார்கள், "நாங்கள் அடித்தோம், கேட்டது" என்று. சரி, நானும் செய்தே பார்த்துவிட்டேன். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்த ஆறு செடி. மூன்றுக்கு ஐந்து நாள் புளித்த மோரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து அடித்தேன். மூன்றுக்கு வெறும் தண்ணீர், ஆனால் இலை அடியில் பாய்கிற மாதிரி வேகமாக. மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை.

இரண்டு பக்கமும் அசுவினி குறைந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அசுவினி குருத்தில் வாயைக் குத்தி உறிஞ்சிக்கொண்டு நிற்கும். தண்ணீர் வேகத்தில் அடித்துக் கீழே தள்ளினால் பெரும்பாலானவற்றால் திரும்ப ஏறி வர முடியாது. ஆக மோரில் இருந்த தண்ணீர் வேலை செய்திருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆறு செடியை வைத்துக்கொண்டு பெரிய தீர்ப்புச் சொல்லக்கூடாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 13

மோர் அடித்த மூன்று செடியையும் பூனை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. இனி மோர் எங்கள் வீட்டில் சாதத்துக்கு மட்டும்.

மார்ச் 26

வேப்பெண்ணெய் அளவு கேட்டவர்களுக்கு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலை ஊற்றி, வெள்ளையாகப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்க வேண்டும். அப்புறம்தான் தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், கடைசியில் தெளிப்பானில் மிச்சமிருக்கும் முழு எண்ணெயும் ஒரே செடியில் விழுந்து இலை கருகும். எனக்கு இது நடந்திருக்கிறது, இரண்டு முறை. மாலை ஐந்தரைக்குப் பிறகு அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்தும் பிரயோஜனமில்லை.

எண்ணெயைவிட வேப்பங்கொட்டைச் சாறு எனக்குப் பிடிக்கும், பொறுமை இருந்தால். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு, இடித்துத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கலந்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கொட்டை அந்த வருடத்துக் கொட்டையாக இருக்கட்டும்.

வேம்பு அடித்த மறுநாள் பூச்சி செத்துக் கிடக்கவில்லை என்று புலம்பாதீர்கள். பூச்சியைச் சாப்பிட விடாமல், தோலுரிக்க விடாமல் செய்வதுதான் அதன் வேலை. அதனால்தான் வாரம் ஒருமுறை விடாமல் அடிக்க வேண்டும். இலைப்பேன் முட்டையை இலைச் சதைக்குள் செருகி வைக்கும், கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிலும் சருகிலும் கழிக்கும். ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் மண்ணில் இருந்தது மேலே வந்து சிரிக்கும்.

ஏப்ரல் 9

வருடா வருடம் மாசி, பங்குனியில் இலைப்பேன் எங்கிருந்து வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நேற்று ரோஜா மொட்டைத் தாளில் தட்டிப் பார்த்தால் அங்கே இருக்கிறது முழுக் குடும்பமும். மிளகாய் வரிசைக்கு ஒரு அடி தள்ளி ரோஜாத் தொட்டி. மிளகாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு ரோஜாவை விட்டுவிட்டேன், ஐந்து வருடமாக.

இந்தப் பேனைப் பற்றிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இது தெற்காசியச் சரக்கு. கப்பலோ விமானமோ ஏறிக் கரீபியன் தீவுகளுக்குப் போய், 2005 வாக்கில் ஃப்ளோரிடாவில் ரோஜாச் செடிகளில் நிலைத்துவிட்டது. அங்கே அதற்குப் பெயரே மிளகாய்ப் பேன்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது, பேன் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. சீர் வாங்கினால் பதில் சீர் செய்ய வேண்டாமா?

ரோஜாவைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 16

எறும்பு. எறும்பு செடியைத் தின்னவில்லை, அதனால் விட்டுவிடலாம் என்று எழுதியவருக்கு: அசுவினி, மாவுப்பூச்சி இரண்டும் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காகத்தான் எறும்பு வருகிறது. வந்தால் சும்மா குடித்துவிட்டுப் போகாது. இந்தப் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு பக்கத்தில் வந்தால் கடித்து விரட்டும். மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கிறது. செடியில் எறும்பு ஏறினால் மேலே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

நான் பைகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டேன். எறும்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 23

தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். கொசுப்புழு பார்க்க வந்த அம்மா மாடிக்கு ஏறி, பதினாறு கிண்ணத்தையும் எண்ணிக் காட்டிவிட்டு, என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் புழு. இப்போது ஸ்டாண்டு காலில் துணியைச் சுற்றி கிரீஸ் தடவியிருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

மே 7

இன்று மனசு சரியில்லை. ஏப்ரல் கடைசியில் கோடை மழை பெய்ததும் ஒன்பதாம் பையிலும் அதன் பக்கத்திலும் சிலந்தி கிளம்பிவிட்டது. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) நல்லது, லிட்டருக்கு 3 கிராம். அது சரியான அளவுதான். நான் அடித்தது நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு. அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். அதுவும் போன வாரம்தான் வேப்பெண்ணெய் அடித்திருந்தேன். எண்ணெய் அடித்தால் கந்தகத்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து இலையைப் பொசுக்கும். தெரிந்த விஷயம்தான். நானே இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மாலைக்குள் நாலு செடியில் இலை ஓரம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

மே 8

"பூச்சி தின்றிருந்தால்கூட இவ்வளவு போயிருக்காது" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும்: போன வருடம் அசுவினிக்கு என்று ஒரு பாட்டில் பைரித்ராய்டு என்ற இரசாயனப் பூச்சி மருந்து வாங்கிவந்து அடித்தது அவர்தான். அசுவினி அன்றைக்கே செத்தது. கூடவே பொறிவண்டும், சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்தியும் செத்தன. மூன்றாம் வாரம் முரணை வந்து உட்கார்ந்தது, தட்டிக் கேட்க யாருமில்லை. அந்த வகை மருந்துக்குப் பிறகு சிலந்தி பெருகுவது வயல்களிலும் நடப்பதுதான்.

மே 21

மாவுப்பூச்சி கேள்விகள் நிறைய. பக்கத்து வீட்டில் செம்பருத்தியோ பப்பாளியோ இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பாருங்கள். என் வீட்டில் செம்பருத்தி. பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், பத்து நிமிடம். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. உடம்பு முழுக்க நீள நீளமாக மெழுகு இழை தொங்கிக்கொண்டு, தொட்டால் விறுவிறு என்று ஓடினால் அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியையே தின்று, பார்க்கவும் மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டிருக்கும். ஆஸ்திரேலியாக்காரர், 1898இல் காபித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். நான் எத்தனை பேரைப் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறேனோ.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகமிருக்கிறதா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாம் மாவு பூசின மாதிரி வெளுத்துப் போனது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர், மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். அதற்குப் பிறகுதான் அடங்கியது.

ஜூன் 4

"இலை அடியில் முடி மாதிரி காம்பு, அதன் நுனியில் வெள்ளைப் புள்ளி, பூஞ்சையா?" என்று கேட்டவருக்கு: ஐயோ, துடைக்காதீர்கள். கண்ணாடி இறக்கைப்பூச்சியின் முட்டை அது. குஞ்சு வெளியே வந்தால் உங்கள் அசுவினிக்கு அதுதான் எமன்.

இலையில் பெரிய பெரிய ஓட்டை, பகலில் தேடினால் ஒன்றுமே இல்லை என்றால் புகையிலைப் புழு. பகலில் மண்ணுக்குள் சருகுக்குள் படுத்துக்கொள்ளும். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துப் போங்கள். இலைக்கடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் கிடைத்தால் இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம், நூற்றுக்கணக்கான புழுவுக்கான வேலை மிச்சம்.

பூவுக்குள் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக ஊர்வது இலைப்பேன்தானா என்ற கேள்விக்கு: பேன்தான், ஆனால் வேறு இனமாக இருக்கலாம். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களை நாசம் செய்தது பூவில் குடியேறும் ஒரு கறுப்புப் பேன். அப்படிச் சந்தேகம் வந்தால் பூவையெல்லாம் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், நீலநிற ஒட்டுஅட்டை தொங்கவிடுங்கள். மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும். பழைய மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவினாலும் ஒட்டும்.

ஜூன் 18

ஆறு மாதம் பேன், சிலந்தி, மாவுப்பூச்சி என்று போராடிக் காப்பாற்றிய செடியில் பழுத்திருந்த பதினோரு பழத்தையும் இன்று காலை கிளி தின்றுவிட்டது. பறவைக்குக் காரம் உறைக்காது. மிளகாய்ப் பொடி தூவினால் வராது என்று யோசனை சொன்னவர் நன்றாக இருக்கட்டும், அது அதற்குச் சைட் டிஷ்.

வலை வாங்கியாகிவிட்டது.

ஜூலை 9

பிப்ரவரியில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பத்தில் எட்டுச் செடி தேறிவிட்டதாம், பேன்தான். இரண்டைப் பிடுங்கினாராம், பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான். நல்லது. வெள்ளை ஈ இருந்ததா என்று சொல்லவில்லை, சொல்லுங்கள்.

என் கணக்கு: கந்தகத்தில் பொசுங்கிய நாலில் மூன்று துளிர்த்துவிட்டன. ஒன்பதாம் பை போய்விட்டது. அதில் கொத்தவரை போட்டிருக்கிறேன், அதிலும் அசுவினி. அத்தை போன வாரம் வந்தபோது மாடிக்கு ஏறி ஒவ்வொரு குருத்தையும் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸை நீட்டினேன், வாங்கவில்லை. ஏழாம் பையில் ஒரு இலையைக் கிள்ளிக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "இதுல வந்துக்கிட்டு இருக்கு" என்றார். எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மாலை வேப்பெண்ணெய் கலக்க வேண்டும்.